டூப் போட்ட கதாநாயகி

அமெரிக்காவில் மௌனப் படங்கள் செழித்திருந்த காலத்தில், குதிரையும் துப்பாக்கியும் புழுதியும் நிறைந்த கௌபாய்ப் படங்களைக் கண்டு களித்த ஜனங்கள், அவற்றில் தோன்றிய வீரர்களின் பெயர்களைக் குழந்தைகள் உட்பட மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். அதே புழுதியில் அதே வேகத்தில் குதிரை விட்ட ஸ்திரீகளின் பெயர்களோ, படச்சுருள்கள் நைந்து அழிவதற்கு முன்பே மறக்கப்பட்டுவிட்டன. அவ்வாறு மறக்கப்பட்டவர்களுள் ஹெலன் கிப்ஸனின் சரித்திரம் தனியே எடுத்துச் சொல்லத்தக்கது. நட்சத்திர வரிசையில் அவருக்குப் பெரிய ஸ்தானம் எதுவும் இல்லை. ஆயினும் ஸ்டண்ட் என்பதையே ஜீவனமாகக் கொண்டு வாழ்ந்த முதல் அமெரிக்கப் பெண்மணி என்று சினிமா சரித்திரக்காரர்கள் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

1892-ஆம் ஆண்டில் ஒஹாயோ மாகாணத்துக் கிளீவ்லாண்டு நகரில், ஸ்விஸ்-ஜெர்மானிய வம்சத்தினரின் குடும்பத்தில், ஐந்து பெண்களுள் ஒருவராகப் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ரோஸ் வெங்கர். 1909-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகருக்கு வந்த குதிரைச் சாகஸக் காட்சி ஒன்றைக் கண்ட நாள் முதல் அவருக்கு வேறு நினைவே இல்லாமற் போயிற்று. ஓக்லஹோமாவில் '101 ராஞ்ச்' என்ற லட்சம் ஏக்கர் பண்ணையை ஆண்டுகொண்டு, அதன் பெயரால் ஊர் ஊராகக் காட்சி நடத்தி வந்த மில்லர் சகோதரர்கள், சவாரி செய்யப் பெண்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார்கள். ரோஸ் விண்ணப்பம் போட்டார், வேலையும் கிடைத்தது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் சேணத்திலிருந்து பக்கவாட்டில் தரை மட்டும் சாய்ந்து, மண்ணில் கிடக்கும் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு நிமிரும் வித்தையை அவர் அங்கேதான் கற்றார். தலையில் குளம்படி பட்டால் உயிருக்கே அபாயம் என்று பழைய சவாரிக்காரர்கள் எச்சரித்தபோது, அத்தகைய விபத்துக்கள் பிறருக்கு நேரக்கூடியவை என்று எண்ணி அதை அவர் லட்சியம் செய்யவில்லை.

இத்தகைய காட்சிகள் அந்தக் காலத்தில் பெருகியதற்குக் காரணம் உண்டு. இருப்புப்பாதையும் முள்வேலியும் வந்த பிறகு, மாட்டு மந்தைகளைப் பல நூறு மைல் ஓட்டிச் செல்லும் பழைய தொழில் படுத்துவிட்டது. அத்தொழிலுக்காக வளர்ந்த குதிரையேற்றமும் கயிறு வீசும் திறமையும் வயிற்றுப் பிழைப்புக்காகக் கொட்டகையைத் தேடின. கொட்டகையிலிருந்து சினிமாவுக்குப் போவதற்கோ ஓரடி தூரந்தான் இருந்தது. 1911-ஆம் ஆண்டின் இறுதியில் மில்லர் சகோதரர்களின் கூட்டம் கலிபோர்னியாவில் வெனிஸ் என்ற கடற்கரை ஊரில் ஆட்டத்தை முடித்துக்கொண்டபோது, படமுதலாளியும் டைரக்டருமான தாமஸ் இன்ஸ், ஆட்களையும் குதிரைகளையும் குளிர்காலம் முழுவதற்கும் ஒட்டுமொத்தமாக அமர்த்திக்கொண்டார். சவாரிக்காரர்களுக்கு வாரச் சம்பளம் 8 டாலர். லாயம் இருந்த வெனிஸிலிருந்து மலைக் கணவாயில் இருந்த படப்பிடிப்பிடம் வரையில் தினந்தோறும் குதிரையிலேயே போய் வரவேண்டும். மறு வருஷம் கேலம் கம்பெனியின் படம் ஒன்றில், ரூத் ரோலண்டு என்ற நடிகைக்குச் சகோதரியாக நடித்து, பெயர் போட்டுக் காட்டப்படும் பாத்திரத்தையும் 15 டாலர் வாரச் சம்பளத்தையும் ரோஸ் அடைந்தார்.

1913-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆரிகன் மாகாணத்துப் பெண்டில்டனில் நடந்த குதிரைச் சாகஸப் போட்டி விழாவுக்குச் சென்றிருந்த சமயத்தில், ஹூட் கிப்ஸன் என்ற சவாரிக்காரரை அவர் மணந்தார். விழாக் கூட்டத்தில் ஊரெங்கும் அறை கிடைக்காமல், தம்பதிகளுக்கே முதலில் இடம் கொடுத்துவந்தபடியால் அந்த விவாகம் அவசரமாக நடந்தேறியது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கணவர் பின்னால் கௌபாய்ப் படங்களின் பெரும் நட்சத்திரமாகி ஆயிரக்கணக்கில் சம்பாதித்தார். அதற்குள் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

ரோஸின் வாழ்க்கையில் உச்சமான கட்டம் 1915-இல் வாய்த்தது. 'தி ஹஸார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' என்ற தொடர் படத்தைக் கேலம் கம்பெனியார் வாரத்துக்கு ஒரு பாகமாக வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில்வே ஸ்டேஷனில் தந்தி வேலை பார்க்கும் ஒரு பெண், திருடர்களைத் துரத்தியும் விபத்துக்களைத் தடுத்தும் பாகத்துக்குப் பாகம் சாகஸம் புரிவதே அதன் கதை. கதாநாயகி ஹெலன் ஹோம்ஸுக்கு முதலில் டூப் போட்ட ரோஸ், அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டபின் அவருடைய இடத்திலேயே அமர்த்தப்பட்டார். கம்பெனியாரோ தொடரின் தலைப்பை மாற்ற விரும்பாமல் நடிகையின் பெயரை மாற்றினார்கள். ரோஸ் வெங்கர், ஹெலன் கிப்ஸன் ஆனார்.

அந்தத் தொடரில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்டேஷன் கூரையின்மேல் நின்று, கீழே வேகம் எடுத்துக்கொண்டு செல்லும் ரயிலின் முகட்டில் குதிக்கவேண்டும் என்பது காட்சி. கூரைக்கும் வண்டியின் முகட்டுக்கும் உள்ள தூரத்தை முன்கூட்டியே சரியாக அளந்து, நின்றுகொண்டிருக்கும் வண்டியின்மேல் அவர் குதித்துப் பழகினார். படம் பிடிக்கும் வேளையில், குதித்தவர் குறித்த இடத்திலேயே விழுந்தார். ஆனால் நிற்கும் வண்டி கற்பிக்காத ஒன்றை ஓடும் வண்டி கற்பித்தது. கால் பட்ட கணத்திலேயே வண்டியின் வேகம் அவரை உருட்டி முகட்டின் கோடிக்குத் தள்ளிற்று. உருண்டுகொண்டே போனவர், முகட்டில் இருந்த காற்றுப்போக்கி ஒன்றைக் கையால் பற்றி, உடல் வெளியே தொங்க, பிடியை விடாமல் இருந்தார். காயம் என்று சொல்லச் சில சிராய்ப்புகளே மிஞ்சின. படத்துக்கோ எவரும் எழுதி வைக்காத ஒரு பயங்கரக் காட்சி கிடைத்தது. வேறொரு பாகத்தில், ஓடும் இரண்டு குதிரைகளின்மேல் காலுக்கொன்றாக நின்றவண்ணம் வந்து, பாலத்திலிருந்து தொங்கிய கயிற்றைப் பற்றி ஊசலாடி, ரயிலின்மேல் தாவினார். கொட்டகையில் கற்ற வித்தை அங்கே கைகொடுத்தது. 1917-இல் அத்தொடர் முடிவுற்றபோது மொத்தம் 119 பாகங்கள் வெளிவந்திருந்தன.

அதன்பின் யூனிவர்ஸல் கம்பெனியிலும் பிற ஸ்தாபனங்களிலும் நடித்துச் சேர்த்த பொருளைக்கொண்டு, 1920-இல் தம் பெயராலேயே படக்கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். உடலை அபாயத்தில் வைக்க அஞ்சாத அவருக்குப் பணத்தை அபாயத்தில் வைக்கும் வித்தை வசப்படவில்லை. முதல் படம் முடிவதற்குள் கையிருப்புக் கரைந்தது. படம் பிறர் கைக்குப் போய், வேறு தலைப்பில் வெளிவந்தது. அதை அடுத்து வயிற்றில் கடுமையான நோய் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கிடைத்திருந்த சந்தர்ப்பமும் நழுவியது. 1924-இல் அவர் மறுபடியும் சர்க்கஸ் கொட்டகைக்கே திரும்பி, குதிரைமேல் வித்தை காட்டிப் பிழைத்தார்.

1927-இல் ஹாலிவுட்டுக்கு அவர் மீண்டபோது, கதாநாயகிகளைத் தேடும் பழைய கதவுகள் அடைபட்டிருந்தன. ஆனால் வண்டி ஓட்டவும் குதிரையிலிருந்து விழவும் தெரிந்த பெண்களுக்கு வேலை இருந்தது. பெண்கள் செய்யவேண்டிய சாகஸங்களை ஆண்களுக்குப் பாவாடையும் டோப்பாவும் மாட்டிச் செய்வித்துவந்த அந்தத் தொழிலில், மேரி டிரெஸ்லர், மே ராப்ஸன், எதல் பாரிமோர் போன்ற பிரபல நடிகைகளுக்கு அவர் டூப் போட்டார். 1962-இல் வெளிவந்த ஜான் ஃபோர்டின் 'தி மேன் ஹு ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்தில், எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அவர் குதிரை வண்டியை ஓட்டினார். அதற்கு அவர் பெற்ற கூலி 35 டாலர். அதுவே அவருடைய கடைசிப் படம்.

கலையின் சரித்திரத்தை நட்சத்திரங்களைக்கொண்டே எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் ஹெலன் கிப்ஸனுக்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது. தொழிலின் சரித்திரத்தை உழைப்பைக்கொண்டு எழுதினாலோ, முகத்துக்காகக் கிடைத்த புகழ் சில வருஷங்களில் ஒழிந்தபின்னும், கைக்கும் காலுக்கும் தெரிந்த வித்தையைக்கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்து நின்ற அவருக்கு முதல் அத்தியாயத்தையே கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்டண்ட் பெண்களுக்கென்று ஹாலிவுட்டில் தனிச் சங்கம் 1967-இல்தான் ஏற்பட்டது. அவர் ரயில்மேல் குதித்து அப்போது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1977-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, ஆரிகன் மாகாணத்து ரோஸ்பர்க் நகரில் அவர் காலமானார்.