இத்தாலியரும் கிதார் கன்செர்ட்டோவும்

கிதார் என்றவுடன் நம்மவர் இல்லங்களில் பலர்க்கும் நினைவுக்கு வருவது திரைப்படப் பாடலே. கல்லூரி விழா மேடையில் இளைஞர் தோளில் மாட்டிக்கொண்டு ஆடும் கருவி என்பதற்கு மேல் நாமும் அதனைப் பற்றி அறிந்திருந்தோம் அல்லோம். எம் மகள் செவ்வியல் கிதார் பயில விழைந்தபோது, வீணையோ வயலினோ கற்கலாகாதா என்றே கேட்டோம். அவளுடைய ஆசிரியர் கேட்டுப் பழகுமாறு தந்த ஒலிப்பதிவு ஒன்று ஒரு ஞாயிறு காலை எம் அரசுக் குடியிருப்பின் சிற்றறையில் ஒலித்தது. மெல்லிய வயலின்கள் நீண்ட ஒலியை விரித்துப் பிடிக்க, அதன்மீது ஒற்றை நரம்புக் கருவி துளித்துளியாகச் சொரிந்து சென்றது. கையிலிருந்த நாளேட்டைக் கீழே வைத்துவிட்டோம். இயற்றியவர் இத்தாலி நாட்டு விவால்டி என்றாள் மகள். நாம் இசைவல்லுநர் அல்லோம். கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் எழுத்தர். எனினும் அன்று தொடங்கி மாலைகளில் தேடிப் படித்தவற்றைச் சங்கத்து அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

கன்செர்ட்டோ என்பது தனிக்கருவி ஒன்றும் இசைக்குழு ஒன்றும் எதிரெதிர் நின்று உரையாடும் இசை வடிவம். பெரும்பாலும் மூன்று பகுதிகள்: விரைவு, விளம்பம், மீண்டும் விரைவு. வயலின் தனித்து நின்றால் இருபது பேரையும் மீறி ஒலிக்கும். கிதாரின் நிலை அவ்வாறன்று. விரல் நரம்பைத் தொட்ட கணமே ஒலி பிறந்து, அடுத்த கணமே தேயத் தொடங்கிவிடுகிறது. வில்லால் இழுத்து நீட்டவும் இயலாது. பேரவையில் மெல்லப் பேசுகின்றவர் எவ்வாறு கேட்கப்படுவார்? இவ்வரலாறு முழுவதும் இந்த ஒரே இடர்ப்பாட்டுக்குத் தேடிய விடைகளின் வரலாறே எனலாம்.

முதற்கண் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாம் கேட்டு மயங்கிய அந்த டி மேஜர் கன்செர்ட்டோ கிதாருக்கென எழுந்ததன்று. லூட் என்னும் பழைய கருவிக்கென எழுந்தது. அக்காலத்துக் கிதாருக்கு ஐந்து இணை நரம்புகளே இருந்தன; அது பெரும்பாலும் பாட்டுக்கும் கூத்துக்கும் துணையாகவே நின்றது. லூட் வழக்கொழிந்த பின்னர் அதன் உரிமைச் சொத்தைக் கிதார் எடுத்துக்கொண்டது. மாண்டலினுக்கென விவால்டி எழுதிய சி மேஜர் கன்செர்ட்டோவையும் இன்று கிதார்க் கலைஞர் பலர் தமதாக்கிக்கொண்டனர். (அம்மாண்டலின் பின்னாளில் கடல்கடந்து வந்து ஸ்ரீநிவாஸ் கையில் நம் கர்நாடக இசை பேசியதை அன்பர்கள் அறிவர்.)

வெனிஸ் நகரில் 1678இல் பிறந்த விவால்டி, 1703 முதல் அந்நகரின் பியெத்தா என்னும் ஆதரவற்றோர் இல்லத்துப் பெண்களுக்கு இசை பயிற்றியவர். ஆயினும் அந்த லூட் கன்செர்ட்டோவை அவர் இயற்றியது 1730ஆம் ஆண்டையொட்டிப் பொஹீமிய நாட்டில் தங்கியிருந்தபோது. அங்கிருந்த விர்ட்பி என்னும் பிரபுவுக்கென எழுதினார். லூட்டுடன் இரண்டு வயலின்களும் அடிச்சுருதி தாங்கும் கருவிகளும் மட்டுமே. குழுவைச் சுருக்கிவிடு என்பது அவர் கண்ட முதல் விடை. 1740இல் சாக்ஸனி நாட்டு இளவரசர் பியெத்தாவுக்கு வருகை தந்தபோது வியோலா தாமோரே, லூட் இரண்டுக்கும் ஒரு கன்செர்ட்டோ அமைத்தார். அதில் ஏனைய நரம்புக் கருவிகள் அனைத்துக்கும் ஒலியடக்கி பொருத்தி வாசிக்கப் பணித்தார். இது இரண்டாம் விடை. அவ்வாண்டே அவர் வெனிஸை விட்டு வெளியேறினார். 1741 ஜூலையில் வியன்னாவில் வறுமையில் மறைந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிதார் தன் உருவை மாற்றிக்கொண்டது. இணை நரம்புகள் நீங்கி ஆறு தனி நரம்புகள் வந்தன. நேப்பிள்ஸ் நகரத்துப் பப்ரிகாத்தோரே குடும்பத்தார் செய்த இத்தகைய கிதார்கள் இன்றும் காட்சியகங்களில் உள்ளன. கருவி கூர்மை பெற்றது. ஆனால் இத்தாலியில் அதற்கு அவை இல்லை. அந்நாட்டவர் செவியெல்லாம் இசைநாடகத்தின்பால் இருந்தது. பாடகர் தொண்டையை நம்பி வாழ்ந்த அரங்குகளில் விரலால் மீட்டும் கருவிக்கு யார் இடம் தருவார்? ஆகவே வல்லவர் அனைவரும் வடக்கே பெயர்ந்தனர். நேப்பிள்ஸில் பிறந்த கருல்லி 1808இல் பாரிஸ் சென்று, 1841இல் அங்கேயே மறைந்தார். அவருடைய ஏ மேஜர் கன்செர்ட்டோ இன்பமானது, மாணவர்க்கும் எட்டுவது, ஆழமானது என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. மொலினோவும் பாரிஸையே சேர்ந்தார். வயலினால் உலகை ஆண்ட பாகனினி கிதாரிலும் வல்லவர். கிதார் சேர்ந்த நால்வர் இசை பதினைந்து எழுதினார். ஆயினும் இசைக்குழுவுடன் மோத நேர்ந்தபோதெல்லாம் வயலினையே கையில் எடுத்தார். அக்கருவியின் வலிவும் மெலிவும் இரண்டும் அறிந்தவர் அல்லரோ!

இவர்களுள் தலையாயவர் மௌரோ ஜூலியானி. தென்கிழக்கு இத்தாலியின் பிஷேலியே ஊரில் 1781இல் பிறந்து, 1806இல் வியன்னா புகுந்தார். பீத்தோவன் வாழ்ந்த நகரம் அது. ஹைடன் முதியவராக அங்கிருந்தார். அத்தகைய அவையில் 1808 ஏப்ரலில் தம் முதல் கன்செர்ட்டோவை முழு இசைக்குழுவுடன் தாமே மீட்டி அரங்கேற்றினார். படைப்பு எண் 30, ஏ மேஜர். நீண்ட முன்னுரையைக் குழு முழக்கி முடித்த பின்னரே கிதார் வாய் திறக்கிறது. கேட்பவர்க்கு ஐயம் எழும்: இத்துணை ஆரவாரத்துக்குப் பின் இச்சிறு கருவி என் செய்யும்? ஜூலியானியின் சூழ்ச்சி இங்கேதான் உள்ளது. கிதார் பேசும்போது குழு பெரும்பாலும் வாய்மூடுகிறது. அல்லது ஓரிரு நரம்புகள் மட்டும் மெல்லத் துணை நிற்கின்றன. கிதார் ஓய்ந்ததும் குழு மீண்டும் பெருகுகிறது. முழுக்குழுவின் ஒலி நம் செவியில் எஞ்சியிருப்பதாலேயே அடுத்து வரும் தனிக்குரல் இன்னும் நெருங்கி ஒலிப்பதாகத் தோன்றுகிறது. நிறைவுப் பகுதி போலந்து நாட்டுக் கூத்தின் நடையில் துள்ளிச் செல்கிறது.

இரண்டாம் கன்செர்ட்டோ, படைப்பு எண் 36, நரம்பிசைக் குழுவை மட்டுமே துணையாகக் கொண்டது. முன்னதன் புகழ் இதற்கு வாய்க்கவில்லை. எமக்கோ இதன் நடுப்பகுதியின் அமைதி மிகவும் உவப்பானது. மூன்றாவதற்கு, எண் 70, வேறோர் உத்தி கையாண்டார்: வழக்கமான கிதாரினும் சிறியதாய், சுருதி உயர்ந்ததாய் உள்ள தெர்ட்ஸ் கிதாரை எடுத்தார். உயர்ந்த சுருதி குழுவைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் என்பது கணக்கு.

1813 டிசம்பரில் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி அரங்கேறியபோது அக்குழுவில் ஜூலியானியும் இடம்பெற்றார். இத்துணைப் பெருமையும் கடனைத் தடுக்கவில்லை. 1819இல் உடைமைகள் பறிபோக, வியன்னாவை நீங்கித் தாய்நாடு திரும்பினார். 1829 மேயில் நேப்பிள்ஸில் உயிர் துறந்தார். அவர் மகள் எமிலியா தாமும் கிதார்க் கலைஞராய் விளங்கினார்.

அதன்பின் அரங்குகள் பெருத்தன, பியானோ வலுத்தது, குழுக்கள் நூறு பேரை நோக்கி வளர்ந்தன. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இத்தாலியில் கிதார் கன்செர்ட்டோ என்று பேசத்தக்கது அரிது. அதனைக் கடந்து செல்வோம்.

1926இல் பியத்மாந்துப் பகுதியில் ஒரு சமயத்தார் பள்ளி, தன்னிடமிருந்த பழைய இசைச்சுவடிகளை விற்க முனைந்தது. மதிப்பிட வந்தவர் தூரின் பல்கலைக்கழகத்து ஆல்பர்த்தோ ஜென்திலி. விவால்டியின் கையெழுத்துப் படிகள் கட்டுக்கட்டாய் இருக்கக் கண்டு வியந்தார். தொகுதி எண்கள் இடையிடையே விடுபட்டிருப்பதையும் கண்டார். கோப்பில் தாள் எண் தாவினால் எழுத்தர் கண்ணுக்கு அது தப்புமோ? மறுபாதி எங்கோ உள்ளது என உணர்ந்து தேடி, ஜெனோவாவில் துராத்ஸோ குடும்பத்தாரிடம் கண்டறிந்தார். வாங்குவதற்கு நூலகத்திடம் பொருள் இல்லை. ரொபர்த்தோ போவா என்பவர் இறந்துபோன தம் குழந்தை மௌரோவின் நினைவாக முதற்பாதியை வாங்கி அளித்தார். 1930இல் பிலிப்போ ஜொர்தானோ என்பவர் தம் மறைந்த குழந்தை ரென்ஸோவின் நினைவாக மறுபாதியை அளித்தார். தூரின் நூலகத்தில் அத்தொகுப்புகள் இன்றும் அவ்விரு குழந்தைகளின் பெயர்களையே தாங்கியுள்ளன. நாம் கேட்ட லூட் கன்செர்ட்டோவும் அவற்றுள் ஒன்று.

ஜென்திலி யூதர். 1938இல் முசோலினி ஆட்சி கொணர்ந்த இனச்சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். 1939 செப்டம்பரில் சியென்னா நகரில் விவால்டி வாரம் சிறப்புற நடந்தபோது, அச்செல்வத்தைக் கண்டெடுத்தவர்க்கு அங்கு இடமில்லை.

அதே சட்டங்களே மற்றொரு யூதரையும் பெயர்த்தன. பிளாரன்ஸில் 1895இல் பிறந்தவர் மாரியோ கஸ்தெல்நுவோ-தெதெஸ்கோ. 1932இல் வெனிஸில் ஸ்பானியக் கிதார் மேதை செகோவியாவைச் சந்தித்தது முதல் கிதாருக்கு எழுதி வந்தார். நாட்டை விட்டு நீங்குவது உறுதியான அந்நாள்களில் பிறந்ததே அவருடைய டி மேஜர் கிதார் கன்செர்ட்டோ, படைப்பு எண் 99. நரம்புக் கருவிகளுடன் ஊதுகருவிகள் சில மட்டுமே சேர்ந்த சிறு குழு. குழு மிகுதியாக ஒலிக்காமல், மிகுதியாக ஒலிப்பது போன்ற தோற்றத்தை மட்டும் தருமாறு அமைத்துள்ளார். இரண்டாம் பகுதி, தாம் பிரியவிருந்த தஸ்கனி மலைப்புறத்துக்குச் சொல்லும் விடை என்று அவரே குறித்துள்ளார். அதில் ஓலமில்லை, சினமில்லை. புகைவண்டி நகரத் தொடங்கிய பின்னும் சாளரத்தின் வழியே ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் முகம்தான் எமக்குத் தோன்றுகிறது. 1939 ஜூலையில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். அக்டோபர் 28ஆம் நாள் உருகுவே நாட்டு மொந்தேவிதேயோவில் செகோவியா அதனை அரங்கேற்றினார். இத்தாலியில் உருவான இசை, இத்தாலிக்கு வெளியே முதன்முதல் ஒலித்தது.

ஹாலிவுட்டில் திரைப்படங்களுக்கு இசை எழுதிப் பிழைத்தார். ஜான் வில்லியம்ஸ் உள்ளிட்ட பின்னாள் திரையிசையாளர் பலர் அவரிடம் பயின்றனர். 1953இல் இரண்டாம் கன்செர்ட்டோவும், 1962இல் இரு கிதார்களுக்கான கன்செர்ட்டோவும் தந்து, 1968இல் அங்கேயே மறைந்தார். போருக்குப் பின் இத்தாலியிலும் இவ்வடிவம் தழைத்தது. பெரியோவின் 1992ஆம் ஆண்டுப் படைப்பையும் கேட்டுப் பார்த்தோம். எம் செவி அதற்கு இன்னும் பழகவில்லை. 2022இல் மறைந்த ஆஞ்ஜெலோ ஜிலார்தினோ இசையமைப்பாளராகவும் பதிப்பாசிரியராகவும் கிதாருக்குச் செய்த தொண்டு தனிக்கட்டுரைக்கு உரியது.

எம் மகள் இப்போது விவால்டியின் அந்த விளம்பப் பகுதியைப் பயின்று வருகிறாள். குழுவுக்கு எங்கே போவது? மாடி வீட்டு மலையாள அன்பரின் மகன் ஞாயிறுதோறும் வயலினோடு இறங்கி வருகிறான். இரண்டாம் வயலினுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கின்றோம்.