தாது வருஷத்துப் பிள்ளைகள்

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபமும் கிரிவலமும்தான் நினைவுக்கு வரும். இந்த மாவட்டத்துக் கத்தோலிக்கர்களுக்கு இன்னோர் ஊரும் உண்டு. அவலூர்பேட்டை வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் போனால் வரும் சேத்துப்பட்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது நெல் மூட்டைகள் மலையாய்க் குவியும் விற்பனைக்கூடத்து ஊர். உள்ளூரில் லூர்து மாதா கோயில் ஊர். நெல்லுக்குப் பேர்போன இந்த ஊரில் திருச்சபை வேர் பிடித்தது, நெல்லே இல்லாத வருஷங்களில்.

1876இல் மழை பொய்த்தது. தமிழ்க் கணக்கில் அது தாது வருஷம். சென்னை மாகாணம் காய்ந்து கிடக்க, இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறி வெளியே போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓரணா போதும் என்று கணக்குப் போட்டார் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டுகிறவனுக்கு இது எப்படிக் காணும் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை பிடித்தார். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

சேத்துப்பட்டு அடங்கிய வட ஆற்காட்டின் கத்தோலிக்கர்கள் அப்போது புதுச்சேரி மிஷனின் கீழ் இருந்தார்கள். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், 1776இல் அந்த மிஷனை ஏற்றவர்கள் பாரிஸ் வேதபோதக சபையார். அச்சபையிலிருந்து சேத்துப்பட்டுக்கு வந்தவர் ழான் பிரான்சுவா தாராஸ். பஞ்ச காலத்தில் அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் சேரிகளின் கூலி உழவர்கள். கிராமம் கிராமமாக ஞானஸ்நானம் நடந்தது. அவரை 'வட ஆற்காட்டின் அப்போஸ்தலர்' என்றே சபை வரலாறு குறிக்கிறது.

கூழுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அன்றே உண்டு, இன்றும் ஓயவில்லை. கூழுக்கு வந்தவர்களும் இருந்திருப்பார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மழை திரும்பிய பிறகும் ஏன் போகவில்லை என்று ஏசுகிறவர்கள் கேட்பதில்லை. பண்ணையாருக்கு முன் நிமிர்ந்து நிற்க முடியாதவனுக்காகப் பேச ஒரு சாமியார் கிடைத்தார். பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர, வேதம் கற்பிக்கும் உபதேசியார் கிடைத்தார். என்னைக் கேட்டால், பங்கைக் கட்டியவர் உபதேசியார்தான். சாமியார் எப்போதாவதுதான் வருவார். மாலையில் மந்திரம் சொல்லிக்கொடுத்தது, சாகக்கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து செபித்தது, யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சேதி கொண்டுபோனது எல்லாம் அவரே. கோயில் வரலாற்று மலர்களில் அவருக்குப் படம்கூட இருப்பதில்லை.

புதுச்சேரி மிஷனில் அப்போது லூர்து பக்தி புதிது. பிரான்சின் லூர்து நகரில் காட்சிகள் நடந்தது 1858இல். புதுச்சேரிக்குப் பக்கத்து வில்லியனூருக்கு மாதாவின் சுரூபம் கப்பலில் வந்தது 1877இல், அதாவது பஞ்சத்தின் நடுவில். தாராஸ் சேத்துப்பட்டில் எழுப்பிய கோதிக் பாணிக் கோயிலும் அதே மாதாவுக்குத்தான். பிப்ரவரி 11 அவள் திருநாள். குடிசைகளின் நடுவே அவ்வளவு பெரிய கோயில் எதற்கு என்று கேட்கலாம். சாமி ஊர்வலம் தங்கள் தெருவுக்கு வராத சனத்துக்கு அந்த உயரம் தேவைப்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிர்வாகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1928இல் வட ஆற்காடு சென்னை உயர்மறைமாவட்டத்தோடு சேர்ந்தது. தஞ்சாவூரில் பணியாற்றிய, சலேசிய சபையைச் சேர்ந்த மெதர்லே பேராயரானார். 1952 நவம்பர் 13இல் வேலூர் மறைமாவட்டம் பிறந்தது. திருவண்ணாமலைப் பகுதியின் பங்குகள் இன்று அதில்தான் இருக்கின்றன.

அதைவிடக் கனமான மாற்றம் 1950 ஆகஸ்ட் 10இல் நடந்தது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக இந்துக்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்று வரம்பு கட்டியது. சீக்கியர்கள் 1956இல் முழுமையாகவும், பௌத்தர்கள் 1990இலும் உள்ளே வந்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. தாது வருஷத்தில் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது அடுப்படி வரை வந்த சட்டம். லத்தீனில் எழுதிய பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் தாத்தா பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு நிற்கும் பேரனுக்கு அந்தப் பக்கமே பாதகம். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். சேரி என்னவோ அதே இடத்தில்தான் இருந்தது. ஆதிக்கக்காரர் கூப்பிடும் தொனியும் மாறவில்லை.

(தொடரும்)