நம் கரையைச் சொன்ன நாவல்கள்

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் ஓய்ந்து கிடந்த அந்த 61 நாள்களில், நாம் நான்கு நாவல்களைப் படித்து முடித்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் பங்கு நூலகத்தில் ‘கொற்கை’ நாவல் இருப்பதைக் கண்ட அன்பர் சிலர் வந்து, “சாமி, நம்மளக் கேவலமா எழுதுன புஸ்தகம் கோயில் அலமாரில இருக்கலாமா?” என்று கேட்டனர். அந்நூலை நாம் அதுவரை படித்ததில்லை. படிக்காத நூலுக்குத் தீர்ப்புக் கூற மனம் ஒப்பவில்லை. அதனோடு தொடர்புடைய வேறு மூன்றையும் சேர்த்தே படித்தோம். நமக்குத் தோன்றியதை ஒளிக்காமல் இங்கு எழுதுகிறோம்.

முத்துக்குளித்துறைக்கு அச்செழுத்து புதியதன்று. இக்கரையில் நெடுநாள் பணியாற்றிய என்றிக் என்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அம்முயற்சிக்குப் பரதவ மக்களே பொருள் உதவினர். 1586-இல் அவரது ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. அதன் ஒரு படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு உலகறியச் செய்தவர் தனிநாயகம் அடிகளார். நம் முன்னோர் அச்சில் கண்ட கதைகள் இவ்வாறு புனிதர்களின் கதைகளாகவே இருந்தன. அவை ஆன்மாவுக்கு நலம் பயத்தன, ஐயமில்லை. ஆனால் அவற்றில் வந்தவர்கள் உரோமையிலும் எகிப்திலும் வாழ்ந்தவர்கள். கடலடியில் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கியவனுக்கு அந்நூலில் இடமில்லை. மார்க்கோ போலோ முதலாக இவ்வழி வந்த பயணிகளும் முத்தையும் அதன் விலையையும் பற்றி விரிவாக எழுதினார்களே அன்றி, குளித்தவனின் பெயரைக் கேட்டு எழுதியவர் யார்?

தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் சமயத்தவரே. எனினும் அவர் காட்டிய உலகம் நிலக்கிழார்களின் உலகம். பின்வந்த சரித்திர நாவல்களில் கடல் வந்தது. சாண்டில்யனின் ‘கடல் புறா’வைக் குருமட நாள்களில் இறையியல் நூலுக்குள் மறைத்துவைத்துப் படித்த குற்றம் நமக்கும் உண்டு. அதில் கப்பல் உண்டு, போர் உண்டு, காதல் உண்டு. மீன் நாற்றம் மட்டும் இல்லை!

நம் மக்கள் நாவலுக்குள் வந்தது 1970-களில்தான். அதற்குள் முத்துக்குளித்தல் முடிந்துவிட்டது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். துறைமுகம் பெருந்துறைமுகமானது 1974-இல். பழைய வாழ்வு கையைவிட்டுப் போகும் வேளையில்தான் கதை சொல்லப்பட்டது.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) மணப்பாட்டுக் கரையைப் பற்றியது. ஆசிரியர் கடற்கரைக் குடியில் பிறந்தவர் அல்லர். ஆயினும் பிலோமி என்னும் பெண்ணை அவர் படைத்துள்ள பரிவு நம்மை வெட்கப்படச் செய்தது. தாயின் தவற்றையும் காதலனின் கோழைத்தனத்தையும் அவள் ஏற்றுக்கொள்ளும் விதத்தை எத்தனை மறையுரைகளால் விளக்க இயலும்? வல்லத்தை விற்க மனமில்லாத குரூஸ் மிக்கேலை நாம் நேரில் அறிவோம். நம் பங்கிலேயே அவரைப் போன்று மூவர் உள்ளனர். குறை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், இந்நாவல் கரையில் நின்றுதான் கடலைப் பார்க்கிறது. நடுக்கடலில் ஒருவன் என்ன பாடுபடுகிறான் என்பது அதில் தெரியவில்லை.

இராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் வந்து, தொழிலாளரோடு பழகி எழுதியது ‘கரிப்பு மணிகள்’ (1979). வெயிலில் உப்பின் வெண்மை கண்ணைக் கெடுப்பதும் உப்புநீர் காலை அரிப்பதும் அதில் உண்மையாகப் பதிவாகியுள்ளன. ஆனால் மாந்தர் பல இடங்களில் தம் மனத்தைப் பேசாமல் ஆசிரியரின் கருத்தையே பேசுகின்றனர். கலையாக அது நம்மை முழுமையாகக் கவரவில்லை. எனினும் அதைப் படித்த பின், நம் மேசைமீது இருக்கும் உப்புக் கிண்ணத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004-இல் ‘ஆழி சூழ் உலகு’ வெளியிட்டார். தலைப்பு கம்பனிடம் பெற்றது. மொழியோ முழுக்க நம் கரையின் மொழி. ஆமந்துறை என்னும் ஊரின் மூன்று தலைமுறைகள் அதில் வாழ்கின்றன. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் மக்கள், கட்டுமரம் கவிழ்ந்து நடுக்கடலில் தத்தளிக்கும் மூவர் — இவற்றைப் படித்தபோது, இந்நாவலில் கரைதான் தொலைவில் தெரிகிறது என்று உணர்ந்தோம். காமமும் பழியும் சில இடங்களில் அளவு மீறித் திரும்பத் திரும்ப வருகின்றன, அது சலிப்பூட்டியது. குருக்களைப் பற்றிய பகுதிகள் நம்மைச் சுட்டன. சில நாள் நூலை மூடிவைத்துவிட்டோம் என்பதையும் மறைப்பானேன்? மறுபடி எடுத்தபோதுதான், மக்களோடு மக்களாக வாழும் காகு சாமியாரையும் அதே கைதான் எழுதியிருக்கிறது என்பதைக் கவனித்தோம்.

இனி, வழக்குக்கு வந்த ‘கொற்கை’. 2009-இல் வெளிவந்து, 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரையிலேயே எதிர்ப்பும் பெற்றது. பழைய கொற்கை, முத்தால் உலகறிந்த பாண்டியர் துறைமுகம். தாமிரபரணி கொணர்ந்த மண்ணால் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. ஆசிரியர் அப்பெயரைத் தூத்துக்குடிக்குச் சூட்டி, 1914 முதல் 2000 வரையிலான தோணித் தொழிலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதியுள்ளார். பெயர்கள் நினைவில் நிற்காத அளவுக்கு மாந்தர் கூட்டம். நாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே படிக்க வேண்டியதாயிற்று. சில அதிகாரங்கள் கதையாகாமல் செய்தித் தொகுப்பாகவே நின்றுவிட்டன. நாவல் என்ற வகையில் ‘ஆழி சூழ் உலகு’க்கு அடுத்த இடமே இதற்குத் தருவோம். ஆனால் தண்டல்களும் வணிகக் குடும்பங்களும் ஆலயமும் ஒன்றையொன்று பற்றியும் பகைத்தும் இந்நகரை எவ்வாறு உருவாக்கின என்று அறிய விரும்புவோர்க்கு இதற்கு ஈடாக வேறொரு நாவலை நாம் கண்டதில்லை.

நம்மைக் கேவலப்படுத்துகிறதா? நம் பாவங்கள் அதில் உள்ளன. மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தில் தாமாரும் இராகாபும் உரியாவின் மனைவியும் இருக்கிறார்கள். ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் அவர்களை எவரும் அடித்துவிடவில்லை. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபையே 1966-இல் கைவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு வெளியான ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு, மனிதனின் நிலையையும் துன்பத்தையும் அறிய முயலும் இலக்கியத்தை மதித்தே பேசுகிறது. எனினும் அன்பர்களின் வருத்தம் போலியானதன்று. தம் பாட்டனாரின் சாயலில் ஒரு தீயவனைக் கண்டவருக்கு மத்தேயுவைக் காட்டினால் மட்டும் போதுமா? அதற்கு நம்மிடம் முழுமையான விடை இல்லை.

நூல் அலமாரியிலேயே இருக்கும் என்று சொல்லிவிட்டோம். முறையிட வந்தவர்களுள் ஒருவர் ஒரு தோணித் தண்டலின் பேரர். “படிச்சுட்டே திட்டுதேன், சாமி” என்று பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் சென்றார். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை.