மண்ணுக்கடியில் ஓடும் கத்தி

கனடாவில் தெற்கு ஆல்பர்ட்டாச் சமவெளியில் மழை குறைவு, காற்று அதிகம். முன்பெல்லாம் ஒரு வருஷம் கோதுமை போட்டால் மறு வருஷம் நிலத்தைத் தரிசாக விடுவார்கள். அந்த வருஷத்து மழையும் பனியும் மண்ணில் தங்கி அடுத்த வெள்ளாமைக்கு உதவும் என்பது கணக்கு. களை முளைத்தால் அந்த ஈரத்தைக் குடித்துவிடுமே, அதனால் தரிசையும் உழுதுகொண்டே இருந்தார்கள். மேல்மண் புழுதியாக இருந்தால் அடியீரம் போகாது என்று வல்லுநர்களும் சொல்லிவந்தார்கள். ஒரு புல் இல்லாத வயல்தான் கெட்டிக்கார விவசாயிக்கு அடையாளம். 1930களின் வறட்சியில் முதலில் பறந்தது அந்தப் புழுதிதான்.

சார்லஸ் நோபிள் அங்கே பெரும்பண்ணைக்காரர். நோபிள்ஃபோர்டு என்ற ஊருக்கே அவர் பெயர்தான். ஒரு காலத்தில் 30,000 ஏக்கருக்கு மேல் பயிர் செய்தவர், 1922இல் கடனில் எல்லாவற்றையும் இழந்து மறுபடி தொடங்கியிருந்தார். 1935இல் கலிஃபோர்னியா போயிருந்தபோது, நிலத்துக்குள் விளைந்ததைத் தளர்த்தி எடுக்க ஒரு நேர்க்கத்தியை மண்ணுக்கடியில் இழுத்துப் போவதைக் கண்டார். களைக்கும் இது ஆகுமே என்று தோன்றியது. நோபிள் பிளேடு பிறந்தது அப்படித்தான்.

கலப்பை மண்ணைப் புரட்டும், இது புரட்டாது. அகலமான எஃகுக் கத்தி சில அங்குல ஆழத்தில் படுக்கையாக ஓடும். மேல்மண் அலைபோல் லேசாக எழும்பி, அதே இடத்தில் படியும். வேர் அறுந்த களை வெயிலில் காய்ந்துபோகும். போன அறுவடையின் தாளோ பெரும்பாலும் நின்றபடியே நிற்கும். தாள் நிற்பதில்தான் விஷயமே இருக்கிறது: தரையோடு அடிக்கும் காற்றை அது தணிக்கும், வெயில் நேரே மண்ணில் படாமல் மறைக்கும், குளிர்காலப் பனியை அடித்துப் போகவிடாமல் பிடித்து வைக்கும். பனி உருகும்போது அந்தத் தண்ணீர் வயலுக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. மண் ஈரமாக இருந்தால் அறுபட்ட களை மறுபடி வேர் பிடித்துக்கொள்ளும். கல் நிறைந்த நிலத்துக்கும் ஒத்துவராது. சுத்தமான வயலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தாள் நிற்கும் வயல் சோம்பேறியின் வயலாகத்தான் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால், கருவியைச் செய்ததைவிட அந்தக் கண்ணை மாற்றியதுதான் பெரிய வேலை.

நோபிள் 1957இல் காலமானார். பிறகு களைக்கொல்லி பரவலானது, உழாமல் நேரே விதைக்கும் கருவிகளும் பரவின. கத்திக்கு வேலை குறைந்தது. களைக்கொல்லி தொடாத இயற்கை விவசாயிகள் சிலர் அந்தவகைக் கத்தியை இன்றும் ஓட்டுகிறார்கள்.