விஜய் சூப்பர் பிறந்த கதை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டு. கிணற்றடிக்கும் விறகு அடுக்கியிருந்த சுவருக்கும் நடுவே தார்ப்பாய் மூடி ஒரு ஸ்கூட்டர் நின்றது. என்னை அங்கே கூட்டிப்போன மெக்கானிக் அண்ணன் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். ஒடுங்கிய இடுப்பும் நீண்ட வாலுமாக, நிற்கும்போதே ஓடப் பார்க்கிற தோரணையில் ஒரு விஜய் சூப்பர்.

"இத்தாலி வண்டி வேணும்னியே தம்பி, இதோ நிக்குது."

"இது லக்னோ வண்டிண்ணே."

"அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு சொல்லு."

பழைய இத்தாலிய வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டுகாட்டி, மோட்டோ குஸ்ஸி என்று படம் பார்த்தே பாதி வயது போயிருந்தது. பழசை வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்றால், மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதான வண்டியை இறக்குமதி செய்யச் சாதாரணமாக வழியில்லை. விண்டேஜ் வண்டிகளுக்குத்தான் தனி விதி. இந்தச் சூழலில்தான் அண்ணன் சொன்னபடி விஜய் சூப்பரைப் பிரித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதன் கதையைத் தேடிப் படித்தேன். இந்த வண்டியை இத்தாலிய ஸ்கூட்டரின் இந்திய நகல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போதுதான் புரிந்தது.

கதை ஒரு குழாய் வியாபாரியிடம் தொடங்குகிறது. ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி எஃகுக் குழாய்களில் பெயர் எடுத்தவர். கட்டடங்களுக்குச் சாரம் கட்ட, குழாய்களைச் சட்டென்று பூட்டிக் கழற்றும் இணைப்பு அவருடையது. இத்தாலியில் சாரக் குழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. மிலான் நகரின் லாம்ப்ரேட் பகுதியில், லாம்ப்ரோ ஆற்றையொட்டி அவருடைய தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு அதைச் சிதைத்தது. போர் முடிந்த இத்தாலியில் சாலைகள் உடைந்து கிடந்தன, கார் வாங்க யாரிடமும் காசில்லை. மலிவான இருசக்கர வண்டி ஒன்று செய்தால் தொழிற்சாலையும் பிழைக்கும், ஊரும் நகரும் என்று அவர் கணக்குப் போட்டார்.

வடிவமைக்க அவர் முதலில் அழைத்தது கொர்ராதினோ டி'அஸ்கானியோ என்ற பொறியாளரை. ஹெலிகாப்டர் செய்து பழகிய டி'அஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. அழுக்கும் சத்தமும் ஆளின் காலுக்கு நடுவே இருப்பதை அவர் வெறுத்தார். வண்டியின் உடலே சட்டமாக, தகட்டை அழுத்தி ஒரே கூடாகச் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்னொசென்டிக்கோ குழாய்தான் உயிர். சட்டம் குழாயில்தான் இருக்க வேண்டும் என்றார். இருவருக்கும் ஒத்துவராமல் டி'அஸ்கானியோ பியாஜியோவுக்குப் போனார் என்றே இந்தக் கதை சொல்லப்படுகிறது. அங்கே அவர் கைவண்ணத்தில் 1946-ல் வெஸ்பா பிறந்தது. இன்னொசென்டியிடம் தங்கிய குழாயைச் சுற்றி செசாரே பல்லவிசினோவும் பியர் லூயிஜி டொர்ரேயும் ஒரு வண்டியைக் கட்டினார்கள். 1947-ல் வெளிவந்த அந்த 125 சிசி வண்டிக்கு ஊர்ப்பெயரை ஒட்டியே பெயர் வைத்தார்கள்: லாம்ப்ரெட்டா.

ஒரு குழாய்ச் சண்டையில் இரண்டு வண்டிகள் பிறந்தன. அந்தச் சண்டை எனக்கு முத்தியால்பேட்டைப் பின்கட்டில் பயன்பட்டது. புதுச்சேரியில் பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் பயப்பட வேண்டியது கடற்காற்றுக்கு. உப்பு இரும்பைத் தின்றுவிடும். வெஸ்பா வழி வந்த வண்டியில் தளத்தகடு துருப்பிடித்தால், சட்டமே துருப்பிடித்ததாக அர்த்தம், ஏனென்றால் அங்கே தகடுதான் சட்டம். லாம்ப்ரெட்டாவில் சைடு பேனல், தளத்தகடு, கால் மறைப்பு எல்லாம் குழாயின்மேல் போல்ட் போட்டு மாட்டியவை. கழற்றிக் கீழே வைக்கலாம், டிங்கரிங் செய்யலாம், மாற்றலாம். நடுவில் ஓடும் தடித்த குழாய் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது. அண்ணன் அன்று ஸ்பேனரோடு பேனல்களைக் கழற்றிவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, குழாயைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கேட்டது. தளத்தகட்டைத் தாங்கும் குறுக்குக் கொம்பு ஒன்றில் மட்டும் மொத்தென்று ஒலித்தது. "இது ஒண்ணுதான். வெல்டிங்கில போயிடும்" என்றார்.

என்ஜினும் தனி ரகம். வெஸ்பாவில் என்ஜின் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். லாம்ப்ரெட்டாவில் அது நட்டநடுவே, சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிறது. பெட்டிக்குள் மூடிய செயின் பின்னால் இருக்கும் கியர்பெட்டியைச் சுழற்றுகிறது. எடை நடுவிலும் தாழ்வாகவும் இருப்பதால் வளைவில் வண்டி தராசு போல் நிற்கும்.

வளைவு, வேகம் என்றதும் சிலர் சிரிக்கலாம். ஸ்கூட்டரில் என்ன வேகம் என்று கேட்கலாம். 1951-ல் ரொமோலோ ஃபெர்ரி என்ற பந்தயக்காரர் ஜெர்மனியின் நெடுஞ்சாலையில், காற்றைக் கிழிக்கும் கூடு போர்த்திய 125 சிசி லாம்ப்ரெட்டாவை மணிக்கு 201 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். அதே காலத்தில் இன்னொசென்டி 250 சிசியில் இரட்டைச் சிலிண்டர் பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்றையும் கட்டிக்காட்டியது. வேகம் அந்தத் தொழிற்சாலையின் ரத்தத்தில் இருந்தது. 1960-களில் டிவி 175 மாடலின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வந்தது. நம் ஊர் இருசக்கர வண்டிகளில் அது சாதாரணமாக அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின.

கடைசியாக வந்த மாடல்தான் என் கதைக்கு முக்கியம். 1969-ல் வந்த அதன் வடிவமைப்பைப் பெர்டோனே நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். லம்போர்கினி மியூரா என்ற காருக்கு உடல் கொடுத்த அதே பெர்டோனே. அவர்கள் பழைய லாம்ப்ரெட்டாவின் சதையைச் சீவி, கோடுகளைக் கூர்மையாக்கி, முன் மட்கார்டைக் குறுக்கி ஒரு பந்தய வண்டியின் மிடுக்கைக் கொண்டுவந்தார்கள். பெயரும் அப்படியே, கிராண்ட் பிரீ. ஆனால் காலம் தாழ்ந்துவிட்டது. இத்தாலியர்கள் குட்டி ஃபியட் கார்களுக்கு மாறியிருந்தார்கள். இன்னொசென்டி 1966-லேயே இறந்துவிட்டார். 1971-ல் மிலானில் லாம்ப்ரெட்டா உற்பத்தி நின்றது.

இங்கே இந்தியாவில் நிலைமை நேர் எதிர். மக்கள் ஸ்கூட்டருக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பம்பாயில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா பழைய லாம்ப்ரெட்டா மாடல்களைச் செய்துகொண்டிருந்தது. அதுதான் பின்னாளில் லாம்பி ஆனது. பஜாஜ் பியாஜியோவின் உரிமத்தில் வெஸ்பா செய்தது, 1971-ல் அந்த உரிமம் முடிந்ததும் சேத்தக் என்று தன் பெயரில் தொடர்ந்தது. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசாங்கம் தீர்மானித்தது. பணத்தைக் கட்டிவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த யாரைக் கேட்டாலும் ஸ்கூட்டர் புக் செய்த வருடமும் கைக்கு வந்த வருடமும் தனித்தனியாக நினைவில் இருக்கும்.

அப்போதுதான் அரசாங்கம் ஒரு முடிவை எடுத்தது. 1972-ல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்னொசென்டியின் ஸ்கூட்டர் தொழிற்சாலை இயந்திரங்கள், அச்சுகள், வரைபடங்கள், லாம்ப்ரெட்டா என்ற பெயர்மீதான உரிமை எல்லாம் விலைக்கு வாங்கப்பட்டு லக்னோவுக்கு வந்து சேர்ந்தன. மிலானில் கிராண்ட் பிரீயின் தகடுகளை அழுத்திய அதே அச்சுகள் கான்பூர் சாலையோரத்தில் மறுபடி இறங்கின. 1975-ல் உற்பத்தி தொடங்கியது. வெளிநாட்டுக்குப் போன வண்டியில் லாம்ப்ரெட்டா என்று எழுதினார்கள். உள்ளூருக்கு விஜய் சூப்பர்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்தேன். தாய் வீட்டில் அடுப்பு அணைந்தபின், அம்மிக்கல்லையும் ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு வந்து வேறு ஊரில் குடும்பம் நடத்தியது போன்றது இது. மாவு வேறு வீட்டில் அரைபட்டது, கல் அதுதான். அப்படியிருக்க, மிலானில் முத்திரை குத்திய வண்டிக்கு ஒரு மரியாதையும் லக்னோ வண்டிக்கு ஒரு முகச்சுளிப்பும் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அச்சு தேயத் தேயப் பிற்கால வண்டிகளில் வார்ப்பும் தகடும் முன்போல் இல்லை என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் லாம்ப்ரெட்டாவைக் கொண்டாடும் கூட்டம் பல பத்தாண்டுகள் லக்னோ வண்டிகளையும் லக்னோ என்ஜின்களையும்கூட வாங்கி ஓட்டியது. அவர்களுக்குத் தெரிந்த மதிப்பு நமக்கு ஏன் தெரியவில்லை?

லக்னோவில் ஸ்கூட்டர் உற்பத்தி 1997-ல் நின்றது. அங்கே செய்த விக்ரம் மூன்று சக்கர வண்டி மட்டும் பிறகும் வெளிவந்துகொண்டிருந்தது. 2021-ல் நிறுவனத்தையே மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. இனி பின்கட்டுகளில் தூங்குகிறவைதான் மிச்சம்.

எங்கள் சண்டே மார்க்கெட்டில், மகாத்மா காந்தி வீதியில், பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே இத்தகைய வண்டியின் பேனலோ கைப்பிடியோ கண்ணில் பட்டால் இப்போதெல்லாம் குனிந்து எடுத்துப் பார்க்காமல் நகர முடிவதில்லை.

வாங்கும் நாளுக்கு வருகிறேன். என்ஜின் உருளவில்லை. அண்ணன் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு இரவு ஊறவிட்டார். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்த அது இறங்கியது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை. ஆயில் சீல் மாற்ற வேண்டும். அது காய்ந்திருந்தால் காற்று உள்ளே போய் வண்டி தானாக வேகமெடுத்துக் கத்தும் என்று எச்சரித்தார். கார்பரேட்டர் ஒரிஜினல். கிளட்ச் கேபிள் போயிருந்தது. பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஊற்றிக் கிளப்புவதெல்லாம் பிறகுதான் என்றார். சட்டத்திலுள்ள எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் இத்தனை வேலையும் வீண், பெயர் மாற்றமே நடக்காது.

வீட்டுக்காரர் உள்ளே போய் அலமாரியில் தேடி, பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு விட்டுப்போன ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா பெயரில் இருந்தது. அண்ணன் பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, பின்பக்கம் சட்டத்தில் ஒரு இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். பல வருட அழுக்குக்கு அடியிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவர் சத்தமாகப் படிக்கப் படிக்க, நான் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே போனேன். கடைசி எண்ணில் கொஞ்சம் துரு. இன்னொரு முறை துணியை நனைத்துத் தேய்த்தார்.

"ஏழு" என்றார்.

"ஏழுதான்ணே" என்றேன்.