வடிகட்டிய நீரும் ஜி.ஓ. 111-உம்

எங்கள் சமண வீடுகளில் நீரைத் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஐதராபாத் வந்து பாத்திரக்கடை வைத்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. ஆனால் துணியில் தங்குவது தூசியும் சிற்றுயிரும்தான்; ரசாயனம் தங்காது. அதற்கு ஏரிக்கு மேற்புறத்திலேயே ஒரு வடிகட்டி வேண்டும். அப்படி ஒன்று இந்நகருக்கு இருந்தது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1908 செப்டம்பரில் மூசி நதி பெருகி நகரையே அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிஜாம் அரசு பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவை அழைத்து ஆலோசனை கேட்டது. அதன் பயனாக மூசியில் 1920-இல் உஸ்மான் சாகரும், அதன் கிளையாகிய ஈசியில் 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. நாம் கண்டிப்பேட் என்கிறோமே, அதுதான் உஸ்மான் சாகர். வெள்ளம் தடுக்கக் கட்டியவை ஊருக்குக் குடிநீரும் கொடுத்தன.

நகரம் ஏரிகளை நெருங்கவே, 1996 மார்ச் 8-இல் அன்றைய ஆந்திர அரசு ஜி.ஓ. 111-ஐப் பிறப்பித்தது. ஏரி நிறைந்தால் நீர் நிற்கும் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் தொழிற்சாலை, பெரிய ஓட்டல், குடியிருப்புக் காலனி எதுவும் கூடாது. 84 கிராமங்கள் இதில் அடங்கின.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஷம்ஷாபாத் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். "ரூல் எல்லாம் பேப்பர்லதான் சார்" என்றார் தரகர். ஒரு வீட்டால் ஏரி கெட்டுவிடுமா என்று நானும் நினைத்தேன்.

விடை ஒரு வழக்கில் கிடைத்தது. அதே ஷம்ஷாபாத் வட்டாரத்தில் ஆமணக்கெண்ணெயிலிருந்து ரசாயனப் பொருள்கள் செய்யும் ஆலைக்கு 1997-இல் அரசே விதிவிலக்கு அளித்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீதிபதி ஜகந்நாத ராவ் 1999-இல் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: கெடுதல் வரும் என்று ஊரார் நிரூபிக்க வேண்டியதில்லை, வராது என்று தொழில் செய்பவரே நிரூபிக்க வேண்டும். நிபுணர் கருத்தைக் கேட்டபின், 2000 டிசம்பரில் அந்த விதிவிலக்கு செல்லாதென்று நீதிமன்றம் முடிவு சொல்லிற்று.

வியாபாரிக்கு இது எளிதில் புரியும். தராசு சரி என்று காட்ட வேண்டியவன் கடைக்காரன். வாங்க வருபவன் அல்ல. மனையை விட்டுவிட்டேன்.

2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு, நீரின் தரம் கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு அக்கட்டுப்பாட்டை நீக்கியது. 2023 மே மாதம் ஆணையையே முழுதாக ரத்து செய்ய அமைச்சரவை முடிவெடுத்தது. கிருஷ்ணா, கோதாவரி நீர் வருகிறதே என்பது ஒரு வாதம். அவை நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மோட்டார் வைத்து ஏற்றப்படுபவை. கண்டிப்பேட் நீரோ சரிவிலே தானாக வந்தது. 84 கிராமத்தாரின் குறையும் நியாயமே. அக்கம்பக்கத்து நிலம் பொன்னாக விற்க, அவர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். ஊர் குடித்த நீருக்கு ஊரார் அவர்களுக்கு ஈடு கொடுத்திருக்க வேண்டும்.

தூரத்தை அளக்க ஒரு சங்கிலி போதும். தரத்தை அளக்க நாள்தோறும் யாராவது விழித்திருக்க வேண்டும். ஆகவே, அந்தப் பக்கம் மனை பார்க்கும் நம்மவர்கள் பத்திரத்தோடு இதையும் கேளுங்கள்: எங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேரும்?