பிள்ளைக்குக் கடப்பிதழ்: யார் கையொப்பமிடலாம்?

மலேசியாவில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடப்பிதழ் எடுக்க, தாய், தந்தை அல்லது சட்டபூர்வப் பாதுகாவலர் ஒருவர் குடிநுழைவுத் துறை அலுவலகத்திற்கு உடன் செல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் வர வேண்டிய கட்டாயமில்லை. ஒருவரின் ஒப்புதல் போதும்.

இந்த உரிமை தாய்மார்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டம் தந்தைக்கே முதலிடம் தந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம்தான் தாய்க்கும் சம உரிமை வழங்கியது.

பிள்ளையின் பிறப்புப் பத்திரம், மைகிட் அல்லது மைகாட், உடன் வருபவரின் மைகாட் ஆகியவற்றின் அசல் தேவை. 12 வயது வரை கட்டணம் 100 ரிங்கிட். 13 வயது முதல் 200 ரிங்கிட்.

தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் விஷயத்தில்தான் சிக்கல் வருகிறது. எத்தனை ஆண்டுகள் வளர்த்திருந்தாலும், பாதுகாவலர் என்ற நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர்கள் பெற்றோருக்குப் பதிலாகக் கையொப்பமிட முடியாது. வெளியூரில் வேலை செய்யும் தாயோ தந்தையோ ஒரு நாள் விடுப்பு எடுத்து வருவதே சுலபம்.

கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதிவு செய்யாத தம்பதியரும் கவனிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி பதிவு செய்யாத தம்பதியரின் பிள்ளைக்கு, இருவரும் சேர்ந்து கேட்டால்தான் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் இடம்பெறும். பெயர் இல்லாத தந்தை தாம் தந்தை என்று காட்ட அங்கே ஆவணம் இல்லை. தாயே செல்ல வேண்டும். திருமணத்தைப் பிறகாவது தேசியப் பதிவுத் துறையில் பதிவு செய்வது பிள்ளைக்கு நல்லது.

ஒருவர் கையொப்பம் போதும் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. பிரிந்து வாழும் கணவனோ மனைவியோ, மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளைக்குக் கடப்பிதழ் எடுத்துவிட முடியும். அந்த அச்சம் இருப்பவர்கள் முகப்பிடத்தில் வாதாடிப் பயனில்லை. மணவிலக்கு வழக்கு நடக்கும்போதோ, பராமரிப்பு உரிமை ஒருவருக்கு மட்டும் உள்ளபோதோ, பிள்ளையை நாட்டைவிட்டு அழைத்துச் செல்லத் தடை கோரி நீதிமன்றத்தை நாட, அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆவது பிரிவு இடமளிக்கிறது. உத்தரவை மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவித் துறையை அணுகலாம்.